வீட்டுக்காரர் பெயரில் போன ட்யூப்

லாண்டரி அக்காவை நான் முதலில் சந்தித்தது போனில். சந்தித்தது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். இரண்டு வாக்கியம் பேசியதும் போனை வைத்துவிட்டார்.

பெருந்தொற்று தொடங்கி எட்டாவது மாதம் அது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டமளிப்பு விழா கிடையாது என்று சொல்லிப் பட்டத்தைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். அப்பா அதற்குச் சட்டம் போட்டு, தொலைக்காட்சிக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். அந்தப் பட்டத்தைக் காட்டி வாங்கிய முதல் வேலை, நகரத்து மருத்துவமனையில், புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பிரிவில் பட்டியலைப் பார்த்துப் போன் செய்வது. ஆறு மாத ஒப்பந்தம். "எம் பையன் ஆஸ்பத்திரியில இருக்கான்" என்று அம்மா பெருமையாக எல்லோரிடமும் சொல்லப்போக, எனக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாதி ஊர் போன் செய்தது.

பிரிவு என்று பெயர்தானே தவிர, நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு மேசை, இரண்டு போன், ஒரு தலைமை நர்ஸ். அவரை எல்லோரும் சிஸ்டர் என்றே அழைத்தார்கள். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் அறையைத் தொற்று வார்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழு மாதம் யாருக்கும் எதுவும் பார்க்கவில்லை. நாள் குறித்து வைத்திருந்த ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும், 'தங்கள் பரிசோதனை தள்ளி வைக்கப்பட்டுள்ளது, புதிய தேதி பின்னர் தெரிவிக்கப்படும்' என்று ஒரே மாதிரிக் கடிதம் போயிருந்தது. அந்த 'பின்னர்' வந்தபோது அறை திரும்பக் கிடைத்தது, ஆனால் வாரத்துக்கு ஆறு பேரைத்தான் பார்க்க முடியும் என்ற நிலை. ஆயிரம் பேரில் எந்த ஆறு பேர்?

அதற்குப் பெரிய டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஐம்பது வயது தாண்டிய எல்லோருக்கும் வீட்டுக்கே ஒரு சின்ன ட்யூப் அனுப்புவது. மூடியோடு ஒரு குச்சி இருக்கும். மலத்தில் அந்தக் குச்சியை நாலு இடத்தில் தொட்டு, ட்யூபுக்குள் போட்டு மூடி, பெயரும் தேதியும் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். யாருக்கு இருக்கிறதோ அவர்களுக்கு முதலில் குழாய்ப் பரிசோதனை. ட்யூப் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பாதவர்களை விரட்டுவதுதான் என் வேலை.

"வணக்கம் மேடம், மருத்துவமனையிலேருந்து பேசறேன்" என்றேன், எழுதிக் கொடுத்திருந்தபடி.

"மேடமா? இது லாண்டரிங்க. மேடம் துணியெல்லாம் டெலிவரிக்குப் போயாச்சு."

வைத்துவிட்டார். அதுதான் அறிமுகம்.

இரண்டாம் முறை மேடத்தை விட்டுவிட்டு அக்கா என்று தொடங்கினேன். கொஞ்சம் இறங்கி வந்தார்.

"அந்த டப்பாவா? அதை சமையலறையில வைக்கவா பாத்ரூம்ல வைக்கவான்னு ஒரு மாசமா இடம் மாத்திக்கிட்டே இருக்கேன்."

"அதுல ஒரு குச்சி இருக்கும்க்கா, அதை எடுத்து..."

"படம் போட்டிருக்கு தம்பி, பார்த்தேன். வெட்கமே இல்லாம கலர்ல போட்டிருக்காங்க." பிறகு, "உனக்கு எத்தனை வயசு?"

"இருபத்திரண்டு."

"எனக்கு ஐம்பத்தி நாலு. அக்காங்கிற."

"அம்மான்னு கூப்பிட்டா சில பேர் கோவிச்சுக்கறாங்க."

"சரி, அக்காவே இருக்கட்டும். கேட்க நல்லாத்தான் இருக்கு."

அந்த வீட்டுக்கு இரண்டு ட்யூப் போயிருந்தது, அக்காவுக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று. இரண்டுமே வரவில்லை. கணவர் போனே வைத்துக்கொள்வதில்லை என்பதால் இருவருக்கும் அக்காவின் எண்தான்.

கடையை நான் பிற்பாடு பார்த்தேன், ஆனாலும் அதைச் சொல்லாமல் மேலே நடந்தது புரியாது. இரண்டு பெரிய வாஷிங் மெஷின், ஒரு டிரையர், நீராவி இஸ்திரி மேசை, சுவர் நீளத்துக்கு ஹேங்கர் கம்பி. பத்தொன்பது வயதில் அங்கே மடித்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்த அக்கா, பழைய முதலாளி விட்டுப் போனபோது கணவரோடு சேர்ந்து கடையை எடுத்துக்கொண்டார். துணி உள்ளே வந்ததும் அவர் செய்யும் முதல் காரியம், அழியாத மையில் எண் எழுதிய துணித்துண்டைக் காலரிலோ இடுப்புப் பட்டியிலோ குத்துவது. அதற்குப் பிறகு அது யாருடைய துணி என்று அவர் துணியைப் பார்த்துச் சொல்லமாட்டார். எண்ணைத்தான் பார்ப்பார். ஒரே அலுவலகத்தில் இருந்து வந்த முப்பது வெள்ளைச் சட்டையும் முப்பது வீட்டுக்குச் சரியாகப் போய்ச் சேரும். கடையை எடுத்த இருபத்தெட்டு வருடத்தில் ஒரு சட்டை மாறியதில்லை. இதை எந்தப் பேச்சில் வேண்டுமானாலும் நுழைத்துவிடுவார், வானிலையைப் பற்றிப் பேசினாலும்.

பெருந்தொற்றில் கடை இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. திறந்ததும் துணி வந்தது, ஆனால் சட்டை மட்டும்தான். எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் அலுவலகம் நடத்திக்கொண்டிருந்த காலம். "இந்த ஊருல யாருக்கும் இடுப்புக்குக் கீழ எதுவும் இல்லாமப் போச்சு தம்பி" என்றார் மூன்றாவது போனில். அப்போதே, நீராவிக்குப் பக்கத்தில் நின்றால் மூச்சு வாங்குகிறது, படியேறினால் அசதி, எல்லாம் இந்த மாஸ்க்கால்தான் என்றும் சொன்னார். நானும், எல்லோருக்கும் அப்படித்தான்க்கா என்றேன். தொற்றுக்கு முன்பு அவருக்கும் குழாய்ப் பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தது. தள்ளி வைத்த கடிதம் வந்தபோது தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்ததாம். கடிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த இஸ்திரி மேசையின் காலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

நான்காவது போனுக்குப் பிறகு அக்காவின் ட்யூப் வந்தது. மேலே பெயரும் தேதியும் அச்சடித்த மாதிரி அழியாத மையில். கணவருடையது வரவில்லை. ஐந்தாவது முறை போன் செய்தேன். நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம் கறாராகவே பேசினேன். படித்தவன் என்ற தோரணையில், அலட்சியம் கூடாது என்று ஒரு சின்னச் சொற்பொழிவும் நடத்தினேன். அடுத்த நாளே அந்த ட்யூபும் வந்துவிட்டது. என் பேச்சுக்குப் பலன் என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் நடந்ததைப் பிற்பாடுதான் அறிந்தேன். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கணவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "குச்சி வச்சுக் குத்திப் பார்க்க அது என்ன கேக்கா? வெந்துச்சா வேகலையான்னு பார்க்கறாங்களா?" என்று சொல்லிவிட்டு டெலிவரி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்தப் பக்கம் நான் விடாமல் போன் செய்துகொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே தண்ணீர், முப்பது வருடமாக. என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது? தன் ட்யூபை அனுப்பி மூன்று நாள் கழித்துக் கணவர் ட்யூபிலும் தன்னுடையதையே எடுத்துப் போட்டு, கணவர் பெயரை அழகாக எழுதி, ஒட்டி, அனுப்பிவிட்டார்.

அக்கா பெயர் போட்ட ட்யூபில் எதுவும் இல்லை. கணவர் பெயர் போட்டதில் ரத்தம் இருந்தது.

நான்தான் போன் செய்து சொன்னேன். "அண்ணனோட ரிசல்ட் பாசிட்டிவ்னு வந்திருக்குக்கா."

"வீட்டுல யாருக்கும் சளி காய்ச்சல்கூட இல்லையே" என்றார். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்.

"அது இல்லக்கா, அந்த ட்யூப்." விளக்கினேன். பயப்பட வேண்டாம், பல பேருக்கு மூலமாகக்கூட இருக்கும், உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்று எழுதிக் கொடுத்ததை வாசித்தேன்.

டிரையரை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்னோடது?"

"உங்களோடது நல்லா இருக்கு."

"பேர் சரியாப் பார்த்தியா?"

"பார்த்துட்டேன்க்கா. உங்க எழுத்து யாருக்கும் தப்பாது."

"சரி" என்று வைத்துவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அன்றே பதறியிருப்பார்கள். அக்கா வாழ்க்கை முழுக்க எண்ணை நம்பிப் பழகியவர். இரண்டு ட்யூபும் தன்னுடையதுதான். ஒன்று இல்லை என்கிறது, ஒன்று இருக்கிறது என்கிறது. தன் பெயர் போட்ட ட்யூப் நல்லபடியாக வந்திருக்கிறது. பெயர் யாருடையதோ முடிவும் அவருடையது. கணவர் எதையும் கொடுக்கவே இல்லை, ஆகவே அவருக்கும் ஒன்றுமில்லை. ஆக, அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை. இப்படி ஒரு கணக்கைப் போட்டு மனதை மடித்து வைத்துவிட்டார். உள்ளே இருக்கும் கட்டி எல்லா நாளும் கசியாது, ஒரு நாள் கசியும், ஒரு நாள் சும்மா இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அப்போது எனக்கும் தெரியாது.

சிஸ்டர் கணவருக்கு ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார். அதை உறுதி செய்யத்தான் அடுத்த மூன்று போனும். "அவரு வெளியில போயிருக்காரு." "அவருக்கு இப்ப முடியாதாம்." "மெதுவாப் பார்த்துக்கலாம் தம்பி, எங்க போயிடப் போகுது?"

எங்கேயும் போகாமல் இருக்கும் என்று சொல்ல முடியாத நிலைமை. தொற்று மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் குழாய் அறையைத் திரும்ப வார்டுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது இரண்டு வியாழக்கிழமைதான். திங்கள் மதியத்துக்குள் பதில் இல்லையென்றால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்கு. அப்புறம் எப்போது என்று பெரிய டாக்டருக்கே தெரியாது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனேன். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பிரிவில் சேர்ந்ததிலிருந்து நான் போன் செய்து வரவழைத்த ஆட்களின் எண்ணிக்கை எனக்கு மனப்பாடம். இவர் ஒருவரை விட்டுவிட மனமில்லை.

அக்கா உள்ளே நீராவி மேசையில் நின்றிருந்தார். கவுண்டரில் கணவர். நல்ல உயரம், கண்ணாடி, மாஸ்க் மூக்குக்குக் கீழே.

"அண்ணே, நான் ஆஸ்பத்திரியிலேருந்து வர்றேன். அந்த வியாழக்கிழமை நீங்க அவசியம் வரணும்."

"எதுக்கு? பெட்ஷீட் எடுக்கவா?"

"இல்லண்ணே, உங்க ரிசல்ட்டுக்கு."

"என் ரிசல்ட்டா? நான் எங்கப்பா குடுத்தேன்? நான்தான் முடியாதுன்னு சொல்லிட்டேனே."

"உங்க பேர்ல ட்யூப் வந்துச்சே."

"எவனோ என் பேர்ல..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்கா ஒரு சட்டையின் கையை இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே போட்டு முடித்த கை.

"நான்தான்" என்றார். "அந்தத் தம்பி போன் மேல போன் பண்றான். நீங்க கேக்குங்கறீங்க. ரெண்டுலயும் என்னோடதையே போட்டு அனுப்பிட்டேன்."

கணவர் கவுண்டரை விட்டு முழுதாக அக்கா பக்கம் திரும்பினார்.

"இருபத்தெட்டு வருஷத்துல ஒரு சட்டை மாறலைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற" என்றார். "மாத்தறதுக்கு உனக்கு வேற எதுவும் கிடைக்கலையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் மாஸ்க்குக்குள் சிரித்தது தோளில் தெரிந்தது. கணவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

"அப்ப அந்த ரத்தம் இவளோடது" என்றார் என்னிடம்.

"ஆமாண்ணே."

"என் பேர் போட்டதுலதானே..." என்று அக்கா தொடங்கினார். "என் பேர் போட்டது நல்லா இருக்குன்னுதானே தம்பி சொன்னான்?"

"பேரைத் தூக்கிக் குப்பையில போடு" என்றார் கணவர். சத்தமாகச் சொல்லவில்லை. உள்ளே போய் நீராவி மேசையின் சுவிட்சை அணைத்தார். சனிக்கிழமை மாலை, கடையில் அதிக வேலை இருக்கும் நேரம். வாசலில் துணிப்பையோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "நாளைக்கு வாங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, மனைவிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி தன்னைப் பற்றியது இல்லை. "உன் வேலைக்கு எதுவும் ஆயிடுமா தம்பி? நீ கட்டாயப்படுத்தினதா சொல்லமாட்டேன்."

திங்கள் காலை ஒன்பது மணிக்கு இருவரும் பிரிவுக்கு வந்தார்கள். அக்கா நல்ல சேலை, கணவர் கஞ்சி போட்ட சட்டை, ஏதோ நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் மாதிரி. நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அக்கா கேட்கவில்லை. சிஸ்டர் முன்னால் நின்று, ஒரு வார்த்தை விடாமல், கேக் உட்பட, தானே சொன்னார்.

சிஸ்டர் முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு மாட்டியிருந்தார். அதற்குள் அவர் சிரித்த சிரிப்பில் தடுப்பு முழுக்க ஆவி படிந்து, ஒன்றும் தெரியாமல் போய், கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. நான் சேர்ந்ததிலிருந்து அவர் சிரித்துப் பார்த்ததில்லை. துடைத்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"ரெண்டு ட்யூபுக்கும் நடுவுல எத்தனை நாள்?"

"மூணு நாள்."

"அசதி இருக்கா?"

"மாஸ்க் போட்டா எல்லாருக்கும்..."

"மாஸ்க்கை விடுங்க. இருக்கா இல்லையா?"

"இருக்கு சிஸ்டர்."

கணவரின் தாளில் பெயரை அடித்து எழுத முடியாது. ஒருவர் இடத்தை இன்னொருவருக்கு மாற்றக் கூடாது என்பது விதி. சிஸ்டர் அந்த விதியை மீறவில்லை. நடந்ததை அப்படியே எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கி, பெரிய டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது மணி பதினொன்றே முக்கால். "ரிசல்ட் யாரோடதோ இடமும் அவங்களோடது. டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டாரு. வியாழக்கிழமை நீங்க வர்றீங்க." பிறகு கணவர் பக்கம் திரும்பி, புதிதாக ஒரு ட்யூபை நீட்டினார். "இது உங்களுக்கு. இந்தத் தடவை நீங்களே."

"சரிங்க சிஸ்டர்" என்றார் அவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

புதன்கிழமை மூக்கில் தொற்றுப் பரிசோதனை, அது சரியாக வந்தது. அன்று மாலை குடிக்கக் கொடுத்த பேதி மருந்தைக் குடித்துவிட்டு அக்கா எனக்குப் போன் செய்தார். "கடையில இருக்கற ரெண்டு மெஷினும் சேர்ந்து ஓடற மாதிரி இருக்கு தம்பி" என்று ஒரே வரி சொல்லிவிட்டு அவசரமாக வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை குழாய்ப் பரிசோதனையில் பெருங்குடலின் வலது பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. எலுமிச்சை அளவு. அங்கே இருக்கும் கட்டி அடைப்பு, வலி என்று சீக்கிரம் காட்டாதாம். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தைக் கசியவிட்டு ஆளுக்கு அசதியைக் கொடுக்கும். எடுத்து அனுப்பிய துணுக்கில் புற்றுநோய் என்று வந்தது. அந்தச் செய்தியைச் சொல்வது என் வேலை இல்லை, டாக்டரின் வேலை. ஆனால் அறைக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். அக்கா வெளியே வந்து என்னைப் பார்த்து, "இருக்காம்" என்றார். பிறகு, "எடுத்துடலாமாம்" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

அறுவை சிகிச்சைக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டில் கிடைக்கவில்லை. இரண்டு முறை தேதி சொல்லி இரண்டு முறை தள்ளினார்கள். இரண்டாம் முறை தள்ளிய கடிதத்தைக் கணவர் மேசைக் காலுக்கு அடியில் வைக்கவில்லை. எடுத்துக்கொண்டு நேராக வந்து சிஸ்டர் மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் தினமும் வந்து உட்கார்ந்தார். யாரிடமும் சத்தம் போடவில்லை. நாலாம் நாள் கட்டில் கிடைத்தது. அவர் உட்கார்ந்ததால்தான் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. சிஸ்டர் சொன்னதில்லை.

வார்டுக்குள் உறவினர் யாரையும் விடாத காலம். கணவர் காலையிலும் மாலையிலும் டெலிவரி வண்டியோடு எதிர்ப்புறம் வந்து நிற்பார், அக்கா மூன்றாவது மாடி ஜன்னலில் நிற்பார், கணவர் என் போனிலும் அக்கா தன் போனிலுமாகப் பேசிக்கொள்வார்கள்.

"வலிக்குதா?"

"வலி கிடக்கட்டும். இங்க பெட்ஷீட்டுக்கு பிளீச்சிங்கை அள்ளிக் கொட்டறாங்க. ரெண்டு மாசத்துல நைஞ்சு போயிடும். யாருகிட்ட சொல்றது?"

"உன்னை யாரு கேட்டா? படுத்துக்கோ."

"படுத்தாத்தானே தெரியுது."

வெட்டி எடுத்ததைச் சோதித்துவிட்டு, நோய் குடலைத் தாண்டிப் போகவில்லை, பக்கத்தில் இருந்த நெறிக்கட்டிகளிலும் இல்லை, மருந்து ஏற்றத் தேவையில்லை என்று சொன்னார்கள். அறை மறுபடி மூடிய நாலரை மாதத்துக்குப் பட்டியலில் யாரையும் பார்க்க முடியவில்லை. அந்த மாதங்களுக்குப் பிறகு வந்தவர்களில் சிலருக்கு அக்காவுக்குச் சொன்ன செய்தியைச் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கும் நான்தான் போன் செய்திருந்தேன். அதனால் அக்காவைப் பற்றி எழுதும்போது சந்தோஷமாகவே எழுதுகிறேன். எழுதக் கிடைத்தது சந்தோஷமான கதை என்பதால்.

கணவர் தன் ட்யூபைத் தானே கொண்டுவந்து கொடுத்தார், செய்தித்தாளில் மூன்று சுற்றுச் சுற்றி. எதுவும் இல்லை என்று வந்தது. "நான் முதல்லயே சொன்னேன்ல, என் உடம்பு எனக்குத் தெரியும்னு" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் பேச்சு அத்தோடு நின்றது.

அறுவை சிகிச்சை முடிந்து இது ஐந்தாவது வருடம். அக்காவுக்கு இப்போது ஐம்பத்தொன்பது. ரத்தப் பரிசோதனைக்கு ஒரு முறைகூடத் தவறியதில்லை. போன மாதம் செய்த குழாய்ப் பரிசோதனையில் எதுவும் இல்லை, அடுத்தது ஐந்து வருடம் கழித்து வந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கனமான துணிப்பை தூக்குவதில்லை, மற்ற வேலையெல்லாம் அவரேதான். கடையைக் காலை எட்டு மணிக்குத் திறக்கிறார், ஞாயிறு மட்டும் மதியத்தோடு மூடுகிறார்.